சீரிஸ் பல்பு

அந்த வீட்டில் ஒரு சொல் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக வேண்டுமென்றால் பைண்டரின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முன்னறையில் அவர் மனைவி. பின்னறையில் அவர் தம்பி. நடுவே ஒரு நடை. அந்த நடையில் பைண்டர் போட்ட நடைக்கு அளவே கிடையாது.

"தொட்டி காலியாகுது. குழாயை மூடணும்னு கூடவா தெரியாது? உங்க தம்பிக்கு அறிவிருக்கான்னு கேளுங்க" என்பாள் அவள்.

பைண்டர் நடையைக் கடந்து போய், "தம்பி, குழாய் கொஞ்சம் சொட்டுதுடா" என்பார்.

"உன் பொண்டாட்டிக்கு என் குழாயைப் பார்க்குறதைத் தவிர வேற பொழைப்பு இல்லையான்னு கேளு" என்று பதில் வரும்.

திரும்பி வந்து, "மூடிட்டானாம்" என்பார்.

கிழிந்த புத்தகங்களுக்கு நூல் கோத்து, பசை தடவி, அட்டை போட்டுக் கொடுப்பது அவர் தொழில். உதிர்ந்த தாள்களை எப்படியாவது ஒன்றாக நிறுத்திவிட முடியும் என்கிற நம்பிக்கை அந்தத் தொழிலிலேயே வந்துவிடும் போலிருக்கிறது.

அவள் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒர்க்‌ஷாப்பில் கம்பி சுற்றுகிறவள். வைண்டிங்காரி என்றால்தான் தெருவில் தெரியும். வெகுகாலம் பேக்கிங் மேஜையில் அட்டைப்பெட்டி மடித்துக் கிடந்தவளை, விரல் நிதானத்தைப் பார்த்துத்தான் முதலாளி சுற்று பெஞ்சுக்கு மாற்றினார். தலைமயிர் கனத்துக் கம்பி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், ஒன்றையொன்று விட்டு விலகாமல் உட்கார வேண்டும். தும்மல் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டுத் தும்முவாள்.

தம்பி வயர்மேன். வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் ஒயரிங் செய்கிறவன். வேலையில் சுத்தம், வாயில் காரம்.

இவர்களுக்குள் என்ன என்று கேட்டால், ஒரே ஒரு வாக்கியம்தான். வயர்மேனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "அவரா? ஊரெல்லாம் பல்பு மாத்துறார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள் அவள். கேலிதான். அண்ணிக்கு அந்த உரிமை உண்டென்று நினைத்துவிட்டாள். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். வயர்மேனுக்கு அந்த ஒரு காரணம் போதுமாயிருந்தது. அன்றே பின்னறையில் தனியாக அடுப்பு வைத்துக்கொண்டான். தப்பாகப் பேசிவிட்டோமே என்று முதல் வாரம் அவளுக்கும் உறுத்தியது. அதற்குள், "சம்பாதிக்கிற திமிரு" என்று அவன் தெருமுனையில் சொன்னது காதுக்கு வந்தது. உறுத்தல் அத்தோடு போயிற்று. மன்னிப்புக் கேட்க மனசு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும். அது வெகுநேரம் திறந்திருக்காது.

பைண்டருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய ரேடியோக்களைப் பிரித்த சாமான்கள் கொஞ்சம் அவரிடம் சேர்ந்திருந்தன. வால்வுகள், சாக்கெட்டுகள், தகரப் பெட்டி ஒன்று. கண்ணாடிக் குழாய்க்குள் நெருப்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு வைத்து வீட்டிலேயே ஓர் ஆம்ப்ளிஃபையர் கட்டினால் என்ன? வால்வுப் பக்கம் அவர். கரண்டை ஏற்றி இறக்கித் தரும் ட்ரான்ஸ்ஃபார்மரை மனைவி சுற்றுவாள். அதிலிருந்து கம்பி இழுத்து இணைப்பது தம்பி. ரெண்டு பேர் கையும் ஒரே பெட்டிக்குள் போனால் பேச்சு தானாக வந்துவிடும் என்று கடவுளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார்.

கடவுள் வேறு மாதிரி நினைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் ட்ரான்ஸ்ஃபார்மர் சங்கிலி நாயைப் போல உறுமியது. வார்னிஷ் கருகும் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. ஃப்யூஸ் போனது.

"என் பக்கம் சுத்தம். உள்ளுக்குள்ள வைண்டிங் ஷார்ட்டு. நூல்கண்டு சுத்துற மாதிரி சுத்தினா இப்படித்தான்" என்றான் வயர்மேன்.

அத்தோடு விட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். மறுநாள் அவள் ஒர்க்‌ஷாப்பில் மின்விசிறி ஒன்று நின்றுபோய் அவனைக் கூப்பிட்டார்கள். ஏணி மேல் நின்றபடியே, எல்லாப் பெஞ்சுக்கும் கேட்கும்படி, "இங்க சுத்தின ஒண்ணு எங்க வீட்டுல புகைஞ்சுது முதலாளி. பார்த்து அனுப்புங்க" என்றான்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை அதைக் கொண்டுவா. வெட்டிப் பார்க்கிறேன். உள்ளே கருகியிருந்தா நீ மறுபடி அட்டைப்பெட்டிதான்."

அவளுக்குத் திக்கென்றது. வெளியே எங்கே ஷார்ட் ஆனாலும் கருகுவது உள்ளேதான். வெட்டின பிறகு தப்பு யாருடையது என்று எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது. வெட்டுவதற்குள் கண்டுபிடித்தால்தான் உண்டு. மிஞ்சியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. உலராத துணிகள் கொடியில் கனத்துத் தொங்கின. பைண்டர் முட்டை அவித்து, ரொட்டியோடு தட்டில் வைத்துவிட்டு, யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெட்டியை நடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி பிரிக்கணும்" என்றாள் அவள்.

பைண்டர் எழுந்திருப்பதற்குள் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "கொண்டு வரேன்னு சொல்லு. எனக்கு என்ன பயம்?"

நடையில் மேஜை போட்டார்கள். வயர்மேன் பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்ததும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. கம்பிகளையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து மெழுகு நூலால் முடிச்சுப் போட்டிருந்தான். ஒரு வளைவு கூடக் கோணவில்லை. ஆனால் அந்த அழகே ஒரு மறைப்பாக இருந்தது. கட்டு, சோக் என்கிற கனத்த கம்பிச்சுருளுக்கு அடியில் நுழைந்து போனது. எந்தக் கம்பி எங்கே முடிகிறது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

அவள் விரலை உள்ளே நீட்டினாள்.

"கை வைக்க வேணாம்னு சொல்லு அண்ணே!"

"நான் சுத்தினது. நான் தொடுவேன்."

"தொட்டுச் செத்தா நான் பதில் சொல்லணுமா? கன்டென்சர்ல வெள்ளிக்கிழமைக் கரண்டு இன்னும் உக்காந்திருக்கும். சொல்லு அவகிட்ட."

ஒரு ஹோல்டரில் பல்பை மாட்டி, அதன் இரண்டு கம்பி முனைகளையும் கன்டென்சரின் கால்களில் வைத்தான். பல்பு மஞ்சளாக ஒரு தடவை கண் சிமிட்டி அணைந்தது. நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. அவள் விரலை மடக்கிக்கொண்டாள். அந்த இடத்தில் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

"சாக விடலையாம். பெரிய மனசுன்னு சொல்லுங்க" என்றாள்.

"ரொட்டி ஆறிப் போகுது" என்றார் பைண்டர், இரண்டு பேருக்கும் பொதுவாக.

வயர்மேன் சீரிஸ் பல்பைக் கொண்டுவந்தான். பலகையில் அறைந்த பெரிய பல்பு ஒன்று. சுவரிலிருந்து வரும் கரண்டு அந்தப் பல்பு வழியாகத்தான் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் எல்லாம் சரியாக இருந்தால் பல்பு மினுக்கென்று சும்மா இருக்கும். உள்ளே எங்காவது ஷார்ட் என்றால் பளீரென்று எரியும். பொய் சொல்லத் தெரியாத பல்பு.

"வால்வெல்லாம் உருவிட்டேன். பார்த்துக்கச் சொல்லு" என்று சுவிட்சைப் போட்டான்.

நடை முழுக்க வெளிச்சம் அடித்தது. கொடியில் தொங்கிய துணிகளின் நிழல் சுவரில் விழுந்தது.

"பார்த்தியா அண்ணே? வால்வே இல்ல. அப்பவும் எரியுது."

"சிவப்பைக் கழட்டச் சொல்லுங்க" என்றாள் அவள். வால்வுக்கு உயர்ந்த வோல்ட் கொடுக்கும் கம்பிகள் அவை.

சோல்டரிங் அயர்னைச் சூடாக்கிச் சிவப்பைப் பிரித்தான். சுவிட்சைப் போட்டான். பளீர்.

"மஞ்சள்." வால்வின் உள்கம்பியைச் சூடாக்கும் ஆறு வோல்ட்டுக்காக அவள் சுற்றியது.

மஞ்சளையும் பிரித்தான். பளீர்.

வயர்மேன் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். "அவ்வளவுதான் அண்ணே. எல்லாத்தையும் கழட்டியாச்சு. அவ சுத்தினது மட்டும் தனியா நிக்குது. தனியா நின்னும் எரியுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளைக்குத் தாராளமா வெட்டட்டும்."

அவளுக்கு அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றின சாயங்காலம் நினைவுக்கு வந்தது. நடுவில் ஒரு தடவை கம்பி முறுக்கிக்கொண்டது. நீவி விட்டுத்தான் சுற்றினாள். நீவின இடத்தில் பூச்சு உரிந்திருந்தால்? அதுவேதானா? அட்டைப்பெட்டிகளின் வாசம் மூக்கில் வந்துவிட்டது. பல்பின் வெளிச்சத்தில் அவன் முகம் கொண்டாட்டமாக இருந்தது. இந்த முகத்தைத் திங்கட்கிழமைக்குப் பிறகு தினமும் பார்க்க வேண்டுமே என்று நினைத்தாள். பார்வையைத் தாழ்த்தினாள். அப்போதுதான் தோன்றியது.

"பச்சை?"

"பச்சைக்கு என்ன?"

"பச்சை எங்க போகுது?"

"பச்சை எங்க போகும்? எர்த்துக்குப் போகும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். ரெண்டு பச்சை விட்டிருந்தே, ரெண்டையும் பெட்டியோட பாடியில போட்டு முறுக்கினேன். நல்ல பிடிப்பா இருக்கட்டும்னு. அதுல என்ன குத்தம்?"

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கவனித்தது பைண்டர் ஒருவர்தான். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்தார்.

"அது எர்த்து இல்ல" என்றாள் அவள். "அதுவும் ஆறு வோல்ட்டு. பெரிய வால்வு ரெண்டுக்கும் தனியா சுத்தினது. ஒரே வைண்டிங்ல பாரம் ஏத்த வேணாம்னு நானா சேர்த்துச் சுத்தினேன். ரெண்டு முனையையும் கொண்டுபோய் ஒரே போல்ட்டுல முறுக்கியிருக்கே. ஷார்ட்டாகாம என்ன ஆகும்?"

சோக்கைச் சாய்த்துவிட்டு ஸ்பானரை உள்ளே விட்டாள். போல்ட் இறுக்கமாக இருந்தது. அவன் முறுக்கினால் அப்படித்தான் இருக்கும். நட்டு கழன்று உருண்டது. பச்சை இரண்டையும் வெளியே இழுத்து, ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்தாள். தானே சுவிட்சைப் போட்டாள்.

பல்புக்குள் சிவப்பு நூல் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். ட்ரான்ஸ்ஃபார்மர் மெல்ல முனகியது. மழைச் சத்தம் திடீரென்று கேட்டது.

"இப்பச் சொல்லு. யார் வேலை நூல்கண்டு? ஏணி மேல நின்னு சொன்னியே, அதே மாதிரி சத்தமாச் சொல்லு. பச்சையைக் கொண்டுபோய் எர்த்துல மாட்டிட்டு, என் பெஞ்சைப் பிடுங்கப் பார்த்தியே!"

"பச்சையில கரண்டு விடுவாளா எவளாவது?" அவன் குரல் உடைந்துகொண்டு ஏறியது. "பச்சைன்னா எர்த்து! உனக்கு என்ன தெரியும்? என் கூட வேலை பார்த்தவன் ஒருத்தன், பச்சைதானேன்னு தொட்டான். எவனோ ஒரு மடையன் அதுல கரண்டு விட்டிருந்தான். நான்தான் அவனை ஏணியிலேர்ந்து கீழே இறக்கினேன். அன்னையிலேர்ந்து பச்சையைப் பார்த்தா நான் யோசிக்கிறதில்ல. நேரா எர்த்துதான்."

"ரேடியோக்காரங்களுக்குப் பச்சை வேற. அதான் சொல்லி அனுப்பினேனே!"

"எங்க சொல்லி அனுப்பினே?"

"இவர்கிட்டதான்."

இருவரும் சேர்ந்தாற்போல் பைண்டர் பக்கம் திரும்பினார்கள். அவர் கையில் பாதி முட்டை இருந்தது.

"ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொடுக்கும்போது என்ன சொன்னேன்? 'மூளைன்னு ஒண்ணு இருந்தா பச்சையை எர்த்துல மாட்ட வேணாம்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க'ன்னு சொன்னேனா இல்லையா?"

"அவன்கிட்ட சொன்னேம்மா."

"என்ன சொன்னீங்க?"

"'பார்த்துப் பண்ணுடா தம்பி'ன்னு."

"அவ்வளவுதானா?"

"திட்டு மாதிரி இருந்துது. எடுத்துட்டேன்."

"நீ எதையெல்லாம் எடுப்பே அண்ணே?" என்று வயர்மேன் மேஜையைத் தட்டினான்.

"திட்டை எடுத்தா கூட இருக்கிற விஷயமும் போயிடாதா?" என்றாள் அவள்.

"வீடே எரிஞ்சிருக்கும்!"

"பக்கத்துல வேற விறகு மாதிரி புஸ்தகக் கட்டு!"

அவர் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். அந்த நல்ல மனிதருக்கு அதிலும் ஒரு நிம்மதி இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று திட்டுகிறார்களே.

திட்டு ஓய்ந்தது. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் மனசுக்குள் ஒரு தடவை நடத்திப் பார்த்துக்கொண்டாள். முதலாளி முன்னால், எல்லாப் பெஞ்சும் கேட்க, அதே மின்விசிறிக்குக் கீழே நின்று சொல்வாள். எர்த்துக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று சொல்வாள். இனிப்பாக இருந்தது.

வயர்மேன் தலை குனிந்து, நசுங்கிப்போன பச்சைக் கம்பிகளின் முனையை வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஒரு தடவை வெட்டியது சரியாக விழவில்லை. மறுபடி வெட்டினான். மறுபடியும் விழவில்லை. ஏணி மேல் ஒற்றைக்காலில் நின்றாலும் அசையாத கை அது. இந்தச் சேதி வெளியே போனால் அடுத்த வீட்டுக்காரன் கூட அவனை ஒரு பிளக் மாட்டக் கூப்பிட மாட்டான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

இனிப்பு அவள் நாக்கிலிருந்து இறங்கிவிட்டது. யார் இறக்கினார்கள் என்று கேட்டால், மனிதர்களைப் படைத்தவரைத்தான் காட்ட வேண்டும்.

"முதலாளிகிட்ட, வீட்டுல இணைப்பு மாறிப் போச்சுன்னு மட்டும் சொல்றேன்" என்றாள். "யார் மாத்தினதுன்னு சொல்லலை."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "உன் தர்மம் எனக்கு வேணாம்."

"தர்மம் இல்ல. நான்—"

"'மாறிப் போச்சு'ன்னு சொன்னா அவன் நம்புவானா? நீ உன் தப்பை மறைக்க உளர்றேன்னுதான் நினைப்பான். அப்பவும் வெட்டுவான்." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். "அவன் வீடு எனக்குத் தெரியும். நானே போறேன்."

"மழை கொட்டுதேடா. சாயங்காலம் போயேன்" என்றார் பைண்டர்.

"சாயங்காலம்னா போக மாட்டேன்." செருப்பை மாட்டினான். "யாரும் பின்னால வரக் கூடாது. வந்தீங்கன்னா பாதி வழியிலேயே திரும்பிடுவேன்."

அவள் வாசல் வரைக்கும் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி நான் பேசினது தப்புதான்" என்றாள். எத்தனையோ நாள் தொண்டையில் நின்றது, கேட்காமலே வந்துவிட்டது.

அவன் திரும்பவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினான்.

"சொல்லுவானா?" என்று கேட்டார் பைண்டர்.

அவளுக்கு அவன் பின்னால் போய்த் தூரத்திலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. பார்க்காமல் இருந்தாள். அவமானப்படப் போகிற மனிதனைப் பார்க்காமல் விடுவதும் ஒரு உதவிதான். கையில் எடுத்துக் கொடுக்க முடியாத உதவி.

நடைக்குத் திரும்பி அயர்னை எடுத்தாள். சிவப்பு போன இடத்தில் சிவப்பு. சின்ன வால்வுகளுக்கு மஞ்சள். பச்சை இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, பெரிய வால்வுகளின் சாக்கெட்டுக்குக் கொண்டுபோனாள். மெழுகு நூல் முடிச்சுகளை அவன் போட்ட மாதிரியே போட்டுப் பார்த்தாள். வரவில்லை. பிரித்து மறுபடி போட்டாள். பைண்டர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

வயர்மேன் வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. யாரையும் பார்க்காமல் நடையைக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே துணி பிழிகிற சத்தம் கேட்டது. பைண்டர் எழுந்தார். அவள் அவரைக் கையமர்த்திவிட்டுத் தானே போய்க் கதவருகில் நின்றாள்.

"சொல்லிட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெட்ட மாட்டான். நாளைக்கு உன் பெஞ்சுல போய் உக்காரு."

"அவர் என்ன சொன்னார்?"

"இனிமே ஒர்க்‌ஷாப்பு ஒயரிங்குக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறானாம்."

அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அதைக் கதவுக்குச் சொல்லி என்ன பிரயோசனம். "எல்லாத்தையும் மாட்டிட்டேன். வால்வும் போட்டாச்சு. ஆன் பண்ணட்டுமா?" என்றாள்.

அவள் திரும்பி நாலடி வைத்திருப்பாள்.

"எர்த்தைப் பார்த்தியா?"

"என்ன?"

"பச்சைன்னு போல்ட்டைக் கழட்டினியே. பிளக்குலேர்ந்து வர்ற நிஜ எர்த்தும் அதே போல்ட்டுலதான் இருந்துது. அதைத் திருப்பி மாட்டினியா?"

அவள் ஓடிப்போய்ப் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். தன் ஜெயிப்பைப் பார்க்கிற அவசரத்தில் அவள் வேறெதையும் பார்த்திருக்கவில்லை. எர்த் கம்பி தனியாகச் சோக்குக்கு அடியில் சுருண்டு கிடந்தது. உயர்ந்த வோல்ட் ஓடும் தகரப் பெட்டி, எர்த் இல்லாமல், தொடுகிறவர் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "நீங்களே வந்து ஒரு தடவை பாருங்க."

கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டோடு வந்தான். முகத்தில் கடுகடுப்பு அப்படியே இருந்தது. அவள் போல்ட்டில் எர்த்தை மாட்டி முறுக்கினாள். அவன் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"இன்னும் அரைச் சுத்து."

அவள் இன்னும் அரைச் சுற்று முறுக்கினாள். அவன் சீரிஸ் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் பிளக்கை நேராகச் சுவரில் செருகினான். ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். பிறகு, கரண்டு அடித்தால் கை பிடித்துக்கொள்ளாமல் விலகும்படி வயர்மேன்கள் தொடுகிற மாதிரி புறங்கையைத் திருப்பி, பெட்டியின் தகரத்தின் மேல் வைத்தான்.

"போடு" என்றான்.

அவள் சுவிட்சில் கை வைத்தாள். போடவில்லை. அவன் கை பெட்டி மேலேயே இருந்தது.

"கையை எடுங்க."

"யார் கம்பி சுத்தினது? நீதானே?"

"ஆமா."

"அப்புறம் என்ன? போடுன்னு சொல்றேன்ல!"

அவள் போட்டாள்.